நடுமலைத் தோட்டத்துக்கு எந்த ஆப்பிள்? புதியவர்களுக்கு ஒரு தேர்வுமுறை

குல்லுப் பள்ளத்தாக்கில் கட்ராயின் ஊருக்கு மேலே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் இருக்கும் நண்பரின் குடும்பத் தோட்டத்துக்கு நான் முதன்முதலாகப் போனது ஓர் ஏப்ரல் மாதக் கடைசியில். வாசலை ஒட்டி இரண்டு மரங்கள் நின்றன. ஒன்றில் கிளை முழுதும் இலை விரிந்து, பூ உதிர்ந்து, பட்டாணியளவு பிஞ்சு பிடித்திருந்தது. மற்றதில் கிளை நுனியில் மட்டும் ஒரு கொத்து இலை இருந்தது. அதற்குக் கீழே ஒரு முழ நீளத்துக்கு மொட்டே விரியாத வெறுங்கம்பு. அந்த நுனிக்கொத்திலும் ஒரு பூ வாடிக்கொண்டிருக்க, பக்கத்தில் இன்னொன்று இளஞ்சிவப்பு மொட்டாகவே நின்றது. "பேட்டா, இது இன்னும் தூங்குகிறது" என்றார் நண்பரின் தந்தை. முதல் மரம் காலா என்ற ஆப்பிள் வகை. தூங்கியது ராயல் டெலிஷஸ் என்ற பழைய சிவப்பு வகை. இரண்டும் ஒரே குளிர்காலத்தில், ஒரே மண்ணில், ஒரே தொழுவுரத்தில் நட்டவை.

இமாச்சலப் பிரதேசத்தின் வேளாண் காலநிலைப் பகுப்பில் 650 முதல் 1800 மீட்டர் வரையிலான பட்டை நடுமலை எனப்படுகிறது. அம்மாநிலத்தின் ஆப்பிள் வரலாறு தொடங்கியதே இந்தப் பட்டையில்தான்: 1870-இல் கேப்டன் லீ என்பவர் குல்லுவுக்கு அருகிலுள்ள பந்த்ரோலில் தோட்டம் போட்டார். இன்று அதே பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில், பூந்தரையும் பஜௌராவையும் சுற்றி, மாதுளையும் காய்கறியும் பரவிவிட்டன. பழைய சிவப்பு ஆப்பிள் மேலே மேலே ஏறிப்போயிற்று. ஆப்பிளே போடக் கூடாது என்று இதற்குப் பொருளில்லை. வகையை மாற்றிப் போட வேண்டும் என்பதே பொருள்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் நாற்றுப்பண்ணையின் படப்பட்டியலிலிருந்து தொடங்குகிறார்கள். நான் பரிந்துரைப்பது நேர்மாறான வரிசை: முதலில் இடத்தின் குளிர், அடுத்து நீரும் வேரும், பிறகு சந்தை, அதற்குப் பின்தான் வகையின் பெயர்.

முதற்படி: குளிரை அளந்து எழுதுங்கள்

ஆப்பிள் மரம் இலையுதிர்த்து உறக்கத்துக்குப் போன பின், அந்த உறக்கம் கலைய ஒரு குறிப்பிட்ட அளவு குளிர் தேவைப்படுகிறது. 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே கழியும் ஒவ்வொரு மணியையும் கூட்டிக் குளிர்நேரம் என்று கணக்கிடுவது பழைய, எளிய முறை. யூட்டா முறை இன்னும் நுட்பமானது, சுமார் 2.5 முதல் 9 டிகிரி வரையிலான மணிகளுக்கே அது முழு மதிப்பெண் தருகிறது, உறைநிலையை நெருங்கிய மணிகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை, 16 டிகிரியைத் தாண்டிய மணிகளுக்குச் சேர்ந்ததிலிருந்து கழித்தும் விடுகிறது. நடுமலைக்கு இந்தக் கழித்தல்தான் முக்கியம். சனவரி இரவு எவ்வளவு குளிர்ந்தாலும், தெற்கு நோக்கிய சரிவில் நண்பகல் வெயில் நன்றாக ஏறினால் இரவில் சேர்ந்ததில் ஒரு பகுதி பகலில் கரைந்துபோகும். அதனால் ஒரே ஊரில், ஒரே உயரத்தில், ஓடையின் இந்தக் கரையில் விளைவது அந்தக் கரையில் விளையாமல் போகிறது.

தானாகப் பதிவுசெய்யும் சிறு வெப்பமானி ஒன்றை வாங்கி, தரையிலிருந்து ஆளுயரத்துக்குச் சற்றுக் கீழே, வெயில் நேராகப் படாத, காற்றோட்டமுள்ள கூட்டுக்குள் வைத்து, நவம்பர் தொடக்கம் முதல் பிப்ரவரி முடிவு வரை மணிக்கொரு முறை பதிவாகும்படி விடுங்கள். வீட்டுச் சுவரில் மாட்டாதீர்கள். சுவர் இரவிலும் வெப்பம் விடும். ஒரு குளிர்காலப் பதிவு போதாது, இரண்டு வேண்டும். காத்திருக்கும் காலம் வீணாவதில்லை. மண் பரிசோதனை, குழி, வேலி, தண்ணீர்த்தொட்டி என்று செய்ய நிறைய இருக்கிறது.

ராயல் உள்ளிட்ட பழைய டெலிஷஸ் மரங்கள் 1000 முதல் 1200 குளிர்நேரம் கேட்கின்றன. கோல்டன் டெலிஷஸ், காலா ஆகியவை நடுத்தரம். காலாவுக்கு 500 முதல் 700 வரை போதும் என்று கொள்ளலாம். பியூஜியும் கிரானி ஸ்மித்தும் அதைவிடச் சற்றுக் குறைவாகக் கேட்பவை. அன்னாவுக்கு ஏறத்தாழ 300-க்குள் போதும், டார்செட் கோல்டனுக்கு அதைவிடவும் குறைவு. இந்த எண்கள் நூலுக்கு நூல் சற்று மாறும். ஆகவே உங்கள் பதிவு ஒரு வகையின் தேவையைத் தொட்டும் தொடாமலும் இருந்தால், அந்த வகையை விட்டுவிடுவதே நல்லது.

மறுபக்கத் தவறும் உண்டு. குளிர் குறைவாகக் கேட்கும் வகை எங்கும் வளரும் என்று எண்ணி 1700 மீட்டரில் அன்னாவை நடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதன் தேவை டிசம்பருக்குள் நிறைந்துவிடும். பிப்ரவரியில் நான்கு நாள் வெயில் அடித்தால் பூத்துவிடும். அடுத்த பனி இரவில் அத்தனையும் கருகும். விரிந்த பூ சுமார் மைனஸ் 2 டிகிரியிலேயே சேதப்படத் தொடங்குகிறது. பள்ளமான இடத்தில் குளிர்காற்று வந்து தேங்கும் என்பதால், பள்ளத்தாக்கின் அடித்தளத்தைவிடச் சரிவின் நடுப்பகுதி பூக்காலத்துக்குப் பாதுகாப்பானது.

இரண்டாம் படி: வேரைத் தீர்மானியுங்கள்

நாம் வாங்குவது இரண்டு மரங்களை ஒட்டிய ஒன்று. பழத்தின் சுவையும் நிறமும் மேலே ஒட்டிய வகையைச் சார்ந்தவை. மரத்தின் உயரம், காய்க்கும் வயது, வறட்சி தாங்கும் திறன், வேரழுகல் வருமா வராதா என்பன கீழேயுள்ள வேர்ச்செடியைச் சார்ந்தவை. 'காலா தோற்றுவிட்டது' என்று சொல்கிறவர்களில் பலருக்குத் தோற்றது காலாவின் கீழிருந்த வேர்.

நடுமலையில் ஏப்ரல் முதல் சூன் வரை ஊற்றுகள் வற்றும். சூலை முதல் செப்டம்பர் வரை மண் நீரில் ஊறும். இந்த இரு கோடிகளையும் வேர் தாங்க வேண்டும். எம் 9 குட்டை வேர்ச்செடி. மூன்றாம் ஆண்டிலேயே காசு பார்க்கலாம், ஒரு மீட்டருக்கு ஒன்றாக நெருக்கி நடலாம். ஆனால் அதன் வேர் ஆழம் போகாது, எளிதில் முறியும். கம்பித் தாங்கலும் சொட்டுநீரும் இல்லாமல் அதை நடுவது வீண்செலவு. எம்எம் 106 நடுத்தர உயரம் தரும், கம்பளி அசுவினி என்ற சாறுறிஞ்சும் பூச்சியைத் தாங்கும். ஆனால் நீர் தேங்கும் களிமண்ணில் தண்டின் அடி அழுகும் கழுத்தழுகல் நோய்க்கு இரையாகும். எம்எம் 111 அதைவிடப் பெரிய மரம். அதுவும் கம்பளி அசுவினியைத் தாங்கும், வறட்சியையும் பொறுக்கும், ஆனால் காய்க்க ஓரிரு ஆண்டு கூடுதலாகும். மழையை மட்டும் நம்பிய சரிவுக்கு என் தேர்வு எம்எம் 111. சொட்டுநீரும் வடிகாலுள்ள மண்ணும் இருந்தால் எம்எம் 106. முதல் தோட்டத்தையே எம் 9-இல் தொடங்க நான் யாருக்கும் சொல்வதில்லை.

மூன்றாம் படி: சந்தையின் நாட்காட்டியைப் பாருங்கள்

நிறத்திலும் வைப்புத்திறனிலும் நடுமலைப் பழம் உயர்மலைப் பழத்தோடு போட்டியிட முடியாது; உயர்மலை மாவட்டமான கின்னௌரின் செப்டம்பர் இரவுகள் தரும் சிவப்பு 1400 மீட்டரில் வராது. நடுமலையின் ஒரே சாதகம் முந்தி வருவது. சூலைக் கடைசியிலும் ஆகஸ்டு முதல் பாதியிலும், மேல்மலைச் சரக்கு இறங்கும் முன், பட்லிகுஹல், பந்த்ரோல் மண்டிகளிலும் தில்லி ஆசாத்பூரிலும் புதுப்பழத்துக்குத் தேவை இருக்கும். (நம் ஊர்த் தள்ளுவண்டியில் இவையெல்லாம் 'சிம்லா ஆப்பிள்' என்ற ஒரே பெயரில் விற்கும்.) செப்டம்பரில் பழுக்கும் சிவப்பு வகையை நடுமலையில் நட்டவர், தன்னைவிட நல்ல நிறமுள்ள பழத்தோடு ஒரே நாளில் ஏலத்துக்கு நிற்க நேரும். மழைக்காலச் சாலைச் சரிவுகளால் லாரி இரண்டு நாள் நின்றுபோவதும் இதே பருவத்தில்தான்; ஆகவே முந்தி வருவதோடு, நான்கைந்து நாள் பயணத்தைத் தாங்குவதும் வேண்டும். 2024 முதல் இமாச்சலத்தில் சுமார் 20 கிலோ கொள்ளும் ஒரே அளவான அட்டைப்பெட்டியில்தான் ஆப்பிள் விற்க வேண்டும் என்ற விதி வந்திருப்பதால், சிறிய பழம் அதிகம் தரும் மரம் எத்தனை பெட்டி நிரப்பும் என்று இப்போது முன்கூட்டியே கணக்குப் போட முடிகிறது.

நான்காம் படி: வகைகளை ஒப்பிடுங்கள்

1300 முதல் 1800 மீட்டர் வரை முதன்மை வகையாக நான் முன்வைப்பது காலாவும் அதன் நிறமேறிய வழித்தோன்றல்களும்தான். நியூசிலாந்தில் உருவான இந்த வகை, பூத்ததிலிருந்து ஏறத்தாழ 110 முதல் 120 நாளில் பழுக்கும். நடுமலையில் அது சூலைக் கடைசி அல்லது ஆகஸ்டுத் தொடக்கத்தில் விழும், அதாவது நமக்கு வேண்டிய சந்தை வாரங்களில். குறைகளும் உண்டு. காய்கள் கொத்தாகப் பிடிக்கும். கலைக்காமல் விட்டால் எலுமிச்சையைவிடச் சற்றுப் பெரிதாக நின்றுவிடும், பெட்டி நிறையாது. பூ உதிர்ந்த சில வாரங்களுக்குள் கொத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு காய் என்று கையால் கலைக்க வேண்டும். முதல் ஆண்டில் நல்ல பிஞ்சுகளைக் கிள்ளியெறிய மனம் வராது. நான் கலைத்த மரத்தில் அப்படித்தான் பாதியை விட்டுவைத்தேன், அறுவடையில் அந்தப் பாதி முழுதும் கடைசித் தரத்துக்குப் போயிற்று. ஒரே நாளில் பறித்து முடிக்கவும் முடியாது, நிறம் ஏற ஏற மூன்று முறையாவது மரத்துக்குப் போக வேண்டும். பழுத்த பின் மழை பிடித்தால் காம்படியில் வெடிக்கும். சொறி நோயும் எளிதில் தொற்றும்.

அடுத்து, காய்க்கும் குட்டைக் கிளைகள் நெருங்கி வரும் குறுங்கிளைச் (ஸ்பர்) சிவப்பு வகைகள்: ரெட் சீஃப், ஆரிகன் ஸ்பர், ஸ்கார்லெட் ஸ்பர், சூப்பர் சீஃப், இவற்றோடு விற்கப்படும் ஜெரோமைன். எல்லாமே டெலிஷஸ் மரத்தில் தானாகத் தோன்றிய மாற்றங்கள். இவற்றின் சிறப்பு, இரவு அவ்வளவு குளிராத இடத்திலும் முன்கூட்டியே அடர்சிவப்பு ஏறுவது. மங்கலான கோடுகளோடு நிற்கும் நடுமலை ராயலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும். 'குளிர் குறைவாகவே போதும்' என்று நாற்று விற்பவர்கள் சொல்வதை மட்டும் நான் முழுதாக ஏற்பதில்லை. நிறம் மாறியிருக்கிறது, அடிப்படையில் அது டெலிஷஸ். 1500 மீட்டருக்குக் கீழே, அதுவும் தெற்குச் சரிவில், இவற்றை முதன்மைப் பயிராக நட வேண்டாம். இன்னொரு கண்ணி: பழம் முதிர்வதற்கு மூன்று வாரம் முன்பே தோல் சிவந்துவிடும். நிறத்தை நம்பிப் பறித்தால் மாவும் துவர்ப்புமாக இருக்கும். வாங்கியவர் மறுமுறை வாங்கமாட்டார். குறுங்கிளை மரங்கள் இயல்பிலேயே அடக்கமானவை என்பதால், எம் 9 வேரில் நோஞ்சானாக நின்றுவிடும். எம்எம் 106 அல்லது 111 தான் பொருத்தம்.

ராயலைப் பற்றி ஒரு வரி. 1700 மீட்டருக்கு மேல், வடக்குச் சரிவில், 1000 மணிக்குக் குறையாத பதிவு உங்கள் கையில் இருந்தால் நடலாம். மற்றவர்களுக்கு வேண்டாம்.

கோல்டன் டெலிஷஸ் மகரந்தத்துக்காக வைக்க வேண்டிய மரம். விற்பனைக்காகப் பெருக்க வேண்டியதன்று. சுவை அருமை, ஆனால் ஈரமான பருவத்தில் தோல் சொரசொரப்பாகிப் பழுப்பேறும், வைத்தால் சுருங்கும், மஞ்சள் பழத்துக்கு மண்டியில் விலை எப்போதும் ஒரு படி கீழேதான். கிரானி ஸ்மித் பச்சையாகவே விற்கும் பழம் என்பதால் நிறத்துக்குக் குளிர் இரவு தேவையில்லை. நீண்ட நாள் பூத்துப் பிற வகைகளுக்கும் மகரந்தம் தரும். புளிப்பை விரும்பி வாங்குவோர் குறைவு, உணவகங்களும் பெருநகரக் கடைகளும்தான் வாங்கும். ஆகவே வாங்குபவர் முதலில், மரம் பிறகு. வெயில் நேராகப் படும் பழத்தில் தோல் கருகும். பியூஜி உண்ண மிகச் சுவையானது, ஆனால் அக்டோபர் வரை மரத்தில் நிற்க வேண்டும்; அதுவரை ஆலங்கட்டி, பறவை, பருவமழை என மூன்றையும் கடக்க வேண்டும். நடுமலையில் நிறம் மங்கலாகவே வரும், ஓராண்டு அள்ளிக் கொடுத்து மறு ஆண்டு ஓய்ந்துவிடும் பழக்கமும் அதற்கு உண்டு. வீட்டுக்கு நான்கு மரம் போதும்.

1200 மீட்டருக்குக் கீழே பட்டியல் முற்றிலும் மாறுகிறது. இசுரேலில் உருவான அன்னாவும் பகாமாசில் கண்டெடுக்கப்பட்ட டார்செட் கோல்டனும் அங்கே இணையாக நிற்பவை. ஒன்றுக்கொன்று மகரந்தம் தரும், சூனில் பழுக்கும், வேறு ஆப்பிளே இல்லாத வாரங்களில் விற்கும், ஆனால் இரு வாரம் கூடத் தாங்காமல் மாவாகும். பிலாஸ்பூர் மாவட்டத்தின் பனியாலா கிராமத்தில், சுமார் 700 மீட்டர் உயரத்தில், ஹரிமன் சர்மா தேர்ந்தெடுத்த எச்ஆர்எம்என் 99 இப்பிரிவில் நாடறிந்தது. அவருக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. கொடைக்கானல் தோட்டக்கலை நிலையத்தின் கேகேஎல் 1, அதாவது பார்லின்ஸ் பியூட்டியின் தேர்வு, இதே குறைகுளிர் இனத்தைச் சேர்ந்தது. இவற்றைப் பக்கத்து மண்டியில் விற்க நடலாம். தில்லிக்கு அனுப்பும் கனவோடு நடக் கூடாது.

ஐந்தாம் படி: மகரந்தத்துக்குத் துணை சேருங்கள்

ஆப்பிள் பெரும்பாலும் தன் மகரந்தத்தால் தானே காய்ப்பதில்லை. இங்கேதான் புதியவர்கள் ஏமாறுவார்கள்: ஸ்கார்லெட் ஸ்பர், சூப்பர் சீஃப், ரெட் சீஃப் என மூன்று பெயர்களை நட்டால் மூன்று வகை இருப்பதாக எண்ணுவார்கள். அவை ஒரே டெலிஷஸின் கிளைகள், ஒன்றையொன்று காய்க்க வைக்கமாட்டா. காலாவும் டெலிஷஸ் கூட்டமும் ஒன்றுக்கொன்று முழுதாகப் பொருந்தும். காலாவுக்கும் கோல்டனுக்கும் பொருத்தம் பாதிதான், காலாவுக்கும் கிரானி ஸ்மித்துக்கும் முழுப் பொருத்தம். மொத்த மரங்களில் நான்கில் ஒன்றாவது துணை வகையாக இருக்கட்டும், துணையும் ஒன்றாக இல்லாமல் இரண்டாக இருக்கட்டும். ஒன்று முந்திப் பூத்துவிட்டால் மற்றது கைகொடுக்கும். ஜோனகோல்டு, முட்சு போன்ற வகைகளின் மகரந்தம் பயன்படாது என்பதால் அவற்றைத் துணையாகக் கணக்கிடாதீர்கள். பத்தில் ஒரு பங்கு பூ விரிந்ததும் எக்டருக்கு ஐந்தாறு தேனீப் பெட்டிகளைக் கொண்டுவந்து வையுங்கள்; பெட்டி உள்ளே இருக்கும் நாட்களில் பூச்சிமருந்துத் தொட்டியைப் பூட்டிவையுங்கள்.

ஆறாம் படி: வாங்குதலும் நடவும்

சோலன் அருகே நௌனியில் உள்ள ஒய்.எஸ். பர்மார் தோட்டக்கலைப் பல்கலைக்கழகத்துக்குப் பஜௌராவிலும் மஷோப்ராவிலும் ஆய்வு நிலையங்கள் உண்டு. நடுமலைக்காரர் பார்க்க வேண்டியது பஜௌரா, ஏனெனில் அதன் உயரம் நம்முடையதற்கு நெருக்கம். கன்று வாங்கும்போது வகையின் பெயரோடு வேர்ச்செடியின் பெயரையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். நண்பரின் தோட்டத்தில் காலா என்று சீட்டுக் கட்டி ஒரு நாற்றுப்பண்ணை தந்த நாற்பது கன்றுகளில் ஒன்பது, நான்காம் ஆண்டில் மஞ்சளாகக் காய்த்தன. ரசீதில் 'ஆப்பிள் கன்று 40' என்று மட்டும் இருந்ததால் கேட்க வழியில்லாமல் போயிற்று. சீட்டு இரண்டு மழையில் கிழிந்துவிடும். வரிசை எண், மர எண், வகை, வேர் என நோட்டில் வரைபடம் போட்டு வைப்பதுதான் நிலைக்கும்.

மரம் உறங்கும் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை நடவுக் காலம். குழியை ஒரு மாதம் முன்பே தோண்டி, மேல்மண்ணோடு மக்கிய தொழுவுரத்தைக் கலந்து மூடி மண் அமர விடுங்கள். ஒட்டுப்பகுதி மண்மட்டத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நிற்க வேண்டும். அது மண்ணுக்குள் போனால் மேல்வகையே வேர்விட்டு, வேர்ச்செடிக்குக் கொடுத்த காசு வீணாகும். வட்டப்பாத்தியின் சரிவுப்பக்கத்தில் மழைநீர் வடிய வழி வெட்டுங்கள். மார்ச்சில் வைக்கோலோ புல்லோ மூடாக்குப் போட்டால் கோடை ஈரம் நிற்கும். தண்டை ஒட்டிப் போடாதீர்கள், எலி குடியேறும்.

எல்லா நிலத்தையும் ஒரே ஆண்டில் நிரப்ப வேண்டாம். முதல் குளிர்காலத்தில் மூன்றில் ஒரு பங்கு நிலத்தில் மூன்று வகைகளை மட்டும் நட்டு, அவை பூக்கும் விதத்தைப் பார்த்த பின் மீதியை நிரப்புங்கள்.

ஏழாம் படி: அளந்து மதிப்பிடுங்கள்

ஒவ்வொரு வகைக்கும் ஆண்டுதோறும் நான்கு தேதிகளை எழுதினால் போதும்: முதல் மொட்டு பச்சை காட்டிய நாள், பாதிப் பூ விரிந்த நாள், முதல் பறிப்பு, கடைசிப் பறிப்பு. முதல் பூவுக்கும் கடைசிப் பூவுக்கும் இடையில் மூன்று வாரத்துக்கு மேல் இழுத்தால் அந்த வகைக்குக் குளிர் போதவில்லை என்று பொருள். பறிக்கும் நாளை நிறத்தை வைத்து முடிவுசெய்யாமல் அயோடின் சோதனை செய்யுங்கள். பழத்தைக் குறுக்கே வெட்டி, அயோடின் கரைசலில் ஒரு நிமிடம் முக்கினால், மாவுச்சத்து இருக்கும் இடமெல்லாம் கருநீலமாகும். முழுவட்டமும் கறுத்தால் இன்னும் நாளாகும். விதைப்பகுதி வெளுத்து, தோலை ஒட்டிய வளையம் மட்டும் கறுத்திருந்தால் தொலைவுச் சந்தைக்குப் பறிக்கலாம். ஆகஸ்டு முதல் இலைகளைக் கவனியுங்கள்: கரும்புள்ளி விழுந்து, மஞ்சளாகி, அறுவடைக்கு முன்பே உதிர்ந்தால் அது மார்சோனினா நோய். மழை மிகுந்த நடுமலையில் இதன் தாக்குதல் கடுமை. எந்த வகையில் எத்தனை மரம் மொட்டையாயிற்று என்ற கணக்கும் நோட்டில் ஏறட்டும்.

ஐந்தாம் ஆண்டில் ஒரு வகை தேறவில்லை என்று நோட்டு சொன்னால் மரத்தைப் பிடுங்க வேண்டியதில்லை. சனவரியில் நன்றாகக் காய்க்கும் மரத்திலிருந்து பென்சில் தடிமன் குச்சிகளை வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றிக் குளிர்ந்த நிழலில் வைத்து, மார்ச்சில் சாறு ஏறும்போது, தேறாத மரத்தின் கிளைகளை அறுத்து அவற்றில் ஒட்டுங்கள். வேர் பழையது என்பதால் இரண்டு மூன்று ஆண்டுகளில் காய்க்கும். எல்லாக் கிளைகளையும் ஒரே நாளில் அறுக்காமல், ஒட்டுக்குக் கீழே ஒரு கிளையை இலையோடு விட்டுவையுங்கள். புதுக் குச்சி தழைக்கும் வரை வேருக்குச் சோறு போடுவது அதுதான். வாசலில் தூங்கிய அந்த ராயலில் இப்போது ஐந்து கிளை காலா; ஆறாவது கிளையை நண்பரின் தந்தை வெட்ட விடவில்லை.